இளம் ஆட்டக்காரருக்குச் சம்பளம் போடுவது யார்?



"பையன் நன்றாக ஆடுகிறான். ஆனால், ஆட்டம் சோறு போடுமா?" பினாங்கில் சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளைத் திடலுக்கு ஏற்றிச் செல்லும் பெற்றோர் பலரின் மனத்தில் இருக்கும் கேள்வி இது. பதில் தேடுகிறவர்கள் ஒன்று, நட்சத்திர ஆட்டக்காரர்களின் கோடிகளைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். இல்லையென்றால், மாதக் கணக்கில் சம்பளம் கிடைக்காமல் நின்றவர்களின் கதையைக் கேட்டுப் பயந்துவிடுகிறார்கள். மயக்கமும் வேண்டாம், பயமும் வேண்டாம். இளம் ஆட்டக்காரரின் சம்பளத்தை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள் என்பதை இன்று நிதானமாகப் பார்ப்போம்.

திறமைதான் சம்பளத்தை முடிவு செய்கிறது என்று நாம் நம்புகிறோம். திறமை இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது, உண்மைதான். ஆனால், நுழைந்த பிறகு கைக்கு எவ்வளவு வரும் என்பதற்கு வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பையனை வேறு யார் கேட்கிறார்கள்? அப்படிக் கேட்க விதி அனுமதிக்கிறதா? கேட்பவரிடம் உண்மையில் பணம் இருக்கிறதா? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று களங்களுக்குப் போவோம். முதலாவது, நாம் தொலைக்காட்சியில் விடாமல் பார்க்கும் ஐபிஎல் கிரிக்கெட். இரண்டாவது, அமெரிக்காவின் பேஸ்பால். மூன்றாவது, நம் ஊர்க் காற்பந்து.

13 வயதுக்கு 1 கோடி

2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐபிஎல் ஏலம் நடந்தது. பீகாரைச் சேர்ந்த வைபவ் சூர்யவன்ஷிக்கு அப்போது வயது 13. அவருடைய அடிப்படை விலை 30 லட்சம் ரூபாய். ராஜஸ்தான் ராயல்ஸ் அவரை 1 கோடியே 10 லட்சத்துக்கு வாங்கியது. நம் பணத்தில் ஏறத்தாழ 5 லட்சம் வெள்ளி! படிவம் ஒன்று மாணவனின் வயதில் இத்தனை பணமா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

இந்த விலை எப்படி வந்தது? ராஜஸ்தானோடு டெல்லி அணியும் விடாமல் போட்டி போட்டது. அதனால்தான் 30 லட்சம் என்பது 1 கோடியைத் தாண்டியது. டெல்லி கையைக் கீழே போட்ட இடத்தில் ஏலம் நின்றது. ஏலத்தின் இரகசியமே இதுதான். வாங்குகிற அணி எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தது என்பது நமக்குத் தெரியாது. தோற்ற அணி எந்த இடத்தில் நிறுத்தியது என்பதுதான் விலையாகிறது. சந்தையில் ஒரே ஒருவர் மீன் கேட்டால் மீன்காரர் சொன்ன அடிமட்ட விலைக்கே கிடைக்கும். இரண்டு பேர் அதே மீனைக் கேட்டால் கதை வேறு.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே திறமை உள்ள இன்னொரு பையனை ஒரே ஓர் அணி மட்டும் கேட்டால், அவனுக்குக் கிடைப்பது 30 லட்சம்தான். எந்த அணியும் கேட்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை. ஏலப் பட்டியலில் பெயர் இருந்தும் விற்கப்படாமல் வீடு திரும்பும் இளைஞர்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் அதிகம். அவர்களின் பெயர்கள் தலைப்புச் செய்தியில் வருவதில்லை.

அணியின் பையும் முக்கியம். 2025 பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய்தான் உச்ச வரம்பு. அதற்குள் 25 பேர் வரை சேர்க்க வேண்டும். எந்த அணியின் பையில் எவ்வளவு மீதம் இருக்கிறது, அந்த அணிக்கு எந்த வகை ஆட்டக்காரர் குறைகிறார் என்பதும் விலையை ஏற்றி இறக்கும். 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தைப் பாருங்கள். இந்தியாவுக்காக ஒரு முறைகூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களைச் சென்னை சூப்பர் கிங்ஸ் தலா 14 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கியது. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். சென்னை அணி அன்று பெரிய தொகையோடு உட்கார்ந்திருந்தது. இளம் இரத்தம் தேவை என்றும் முடிவெடுத்திருந்தது. அதே பையன்கள் பை காலியாக இருந்த ஓர் ஆண்டில் ஏலத்துக்கு வந்திருந்தால் இந்த விலை வந்திருக்குமா? சந்தேகம்தான்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. 2024 டிசம்பரில் நடந்த மகளிர் பிரிமியர் லீக் ஏலத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 16 வயது கமலினியை மும்பை இந்தியன்ஸ் 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. அவருடைய அடிப்படை விலை 10 லட்சம்.

ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை நாம் எல்லாருக்கும் தெரியும். யார்க்கர் நடராஜன்! தமிழ்நாடு பிரிமியர் லீக் 2016-இல் தொடங்கியது. அதில் அவர் வீசிய பந்துகள் பலரின் கண்ணில் பட்டன. 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு, 2018-இல், ஐதராபாத் அணி அவரை எடுத்த விலை 40 லட்சம். ஒரே ஆண்டில் 3 கோடி 40 லட்சமானது. அவருடைய யார்க்கர் ஒரே ஆண்டில் அவ்வளவு மோசமாகிவிட்டதா? இல்லை. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார் நடராஜன். 2022 ஏலத்தில் 4 கோடி. 2025 பருவத்துக்கு டெல்லி அணி கொடுத்தது 10 கோடியே 75 லட்சம். வருண் சக்கரவர்த்தியின் கதையும் இதே மாதிரி. 2018 டிசம்பரில் 8 கோடியே 40 லட்சம். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்தான் ஆடினார். அடுத்த ஏலத்தில் 4 கோடி. பிறகு கொல்கத்தா அணி 2025-க்கு அவரைத் தக்கவைத்த விலை 12 கோடி.

இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. முதல் ஏலத்தில் வரும் தொகையை வைத்து வீட்டுக்கடன் கணக்குப் போடக்கூடாது. அது அன்றைய நாளின் விலை. அடுத்த ஏலத்தில் அதே தொகை வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

பூட்டிய ஒப்பந்தம்

இப்போது இன்னொரு பக்கம். சென்னைப் பையன் சாய் சுதர்சன். 2022 ஏலத்தில் குஜராத் டைட்டன்ஸ் அவரை 20 லட்சத்துக்கு, அதாவது அன்றைய அடிப்படை விலைக்கே எடுத்தது. 2023-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் முதன்முறையாக ஏலம் நடத்தியபோது, கோவை அணி அவருக்குக் கொடுத்த விலை 21 லட்சத்து 60 ஆயிரம். உலகமே பார்க்கும் ஐபிஎல் கொடுத்ததைவிட, மாநில லீக் கொடுத்தது அதிகம்! அதே ஆண்டு மே மாதம் அகமதாபாத்தில் நடந்த ஐபிஎல் இறுதியாட்டத்தில் 47 பந்துகளில் 96 ஓட்டம் அடித்தார் சுதர்சன். அன்றும் அவருடைய ஒப்பந்தத் தொகை 20 லட்சம்தான்.

ஏன்? பெரிய ஏலத்துக்கும் அடுத்த பெரிய ஏலத்துக்கும் இடையில் அணி விரும்பினால் அதே விலைக்கு ஆட்டக்காரரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். வேறு அணிகள் அவரை நேராக அணுக முடியாது. கேட்க ஆள் இருந்தும், கேட்க அனுமதி இல்லை. 2025 பருவத்துக்கு முன் அணிகள் கலைக்கப்பட்டு மறு ஏலம் வரவிருந்தது. அவரை வெளியே விட்டால் மற்றவர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அப்போதுதான் குஜராத் 8 கோடியே 50 லட்சம் கொடுத்து அவரைத் தக்கவைத்தது. அந்த 2025 பருவத்திலேயே 759 ஓட்டங்களோடு அதிக ஓட்டம் எடுத்தவருக்கான ஆரஞ்சு தொப்பியை வென்றார். 20 லட்சத்திலிருந்து 8 கோடி. திறமை படிப்படியாக வளர்ந்தது. சம்பளம் மட்டும் கதவு திறந்த நாளில் ஒரே தாவலில் தாவியது.

இந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய, 2025 பருவம் முதல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஓர் ஆட்டத்துக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் ஆட்டக் கட்டணம் கொண்டுவந்தது. 14 லீக் ஆட்டங்களிலும் ஆடினால் 1 கோடியே 5 லட்சம். 30 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட பையனுக்கு இது ஒப்பந்தத் தொகையைப் போல் மூன்றரை மடங்கு! களத்தில் இறங்கினால் பணம் என்ற இந்த ஏற்பாடு, குறைந்த விலைக்குப் போன இளைஞர்களுக்குத்தான் அதிகம் உதவுகிறது.

இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போனால், 2013 வரை இந்தியாவுக்கு ஆடாத இளைஞர்கள் ஏலத்திலேயே இல்லை. அனுபவத்தைப் பொறுத்து 10, 20, 30 லட்சம் என்று மூன்று படிகள். அதற்கு மேல் கேட்கக்கூடாது. ஐபிஎல்-இல் சதம் அடித்த முதல் இந்தியரான மனீஷ் பாண்டே, அதிகப் பணம் கேட்டுப் பேசியதாகச் சொல்லி 2011-இல் நான்கு ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டார். அதற்கு முன் 2010-இல், வேறு அணியோடு பேரம் பேசியதற்காக ரவீந்திர ஜடேஜா ஒரு பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனது. நான்கு பேர் ஒரு பொருளுக்கு ஆசைப்படும்போது விலையை மட்டும் கட்டிவைத்தால், பேச்சு மேசைக்கு அடியில் போகும். 2014 முதல் இந்த இளைஞர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். அந்த ஆண்டே கர்ண் சர்மாவை ஐதராபாத் அணி 3 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது.

பேஸ்பால்: ஆறு ஆண்டுக் காத்திருப்பு

பேஸ்பால் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஆட்டம். ஆனால், இளம் ஆட்டக்காரரின் சம்பளத்தை அவர்களைப் போல் நுணுக்கமாக விதி போட்டு எழுதிவைத்தவர்கள் வேறு யாரும் இல்லை. அணி முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் உட்கார்ந்து பேசி எழுதிய கூட்டு ஒப்பந்தம் அது.

அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் லீக்கில் 30 அணிகள் உள்ளன. அங்கே ஓர் இளைஞரின் வாழ்க்கை மூன்று கட்டங்களாகப் பிரிகிறது. முதல் மூன்று ஆண்டுகள், ஏறக்குறைய அணி சொல்வதுதான் சம்பளம். குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. அந்தத் தொகை 2022-இல் 7 லட்சம் டாலராக இருந்து, ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் உயர்ந்து 2026-இல் 7 லட்சத்து 80 ஆயிரமானது. அடுத்த மூன்று ஆண்டுகளில் சம்பளத் தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். ஆறு ஆண்டு சேவை முடிந்தால்தான் அவர் சுதந்திரப் பறவை. எந்த அணியோடும் பேசலாம்.

அந்த நடுவர் மன்றம் சுவையான ஏற்பாடு. ஆட்டக்காரர் ஒரு தொகை எழுதிக் கொடுக்க வேண்டும். அணியும் ஒரு தொகை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் பிளந்து சமாதானம் செய்யமாட்டார்கள். பேராசைப்பட்டு அதிகம் கேட்டால் மற்றவர் தொகை வென்றுவிடும் என்ற பயத்தில், இரு தரப்பும் நியாயமான எண்ணுக்கு அருகில் வந்துவிடும். பல வழக்குகள் விசாரணைக்கு முன்பே பேசித் தீர்ந்துவிடுகின்றன. யாரோடு ஒப்பிட்டுத் தொகை முடிவாகிறது? அதே அளவு சேவை ஆண்டுகள் முடித்து, அதே மாதிரி ஆடியவர்களின் சம்பளத்தோடு.

ஜப்பானின் ஷோஹெய் ஒட்டானியைப் பாருங்கள். 23 வயதில் அமெரிக்கா போனார். 25 வயதுக்குக் கீழ் வரும் வெளிநாட்டவருக்குக் கடுமையான வரம்பு உண்டு. அதனால் 2018-இல் அவருடைய சம்பளம் 5 லட்சத்து 45 ஆயிரம் டாலர். 2021-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்ற பருவத்தில் 30 லட்சம் டாலர். 2023-இல் 3 கோடி டாலர். ஆறு ஆண்டுகள் முடிந்தன. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியோடு 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம்! மனிதர் அதே மனிதர். கதவு திறந்தது, அவ்வளவுதான்.

சேவை நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு பருவத்தில் 172 நாட்கள் முதன்மை அணியில் இருந்தால்தான் ஓர் ஆண்டு சேவை. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட் என்ற இளைஞரைப் பருவம் தொடங்கி இரண்டு வாரம் கழித்தே முதன்மை அணிக்கு அழைத்தது. அவருக்குக் கிடைத்தது 171 நாட்கள். ஒரே ஒரு நாள் குறைவு! அதனால் அவருடைய சுதந்திரம் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அவர் முறையீடு செய்தார். 2020-இல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. விதியை அணி மீறவில்லை. விதியை நன்றாகப் படித்திருந்தது.

முதன்மை லீக்குக்குக் கீழே இருக்கும் பயிற்சி அணிகளில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். அவர்கள் 2022-இல்தான் சங்கம் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. மேல்நிலைப் பயிற்சி அணியில் ஆண்டுக்கு 17,500 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 35,800 ஆனது. அடிமட்டப் பிரிவில் 4,800 டாலர் 19,800 ஆனது. ஆட்டத் திறமை ஒரே இரவில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆகிவிடவில்லை. ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள், கிடைத்தது.

அந்தப் பயிற்சி அணிகளில் நம்மவர்களும் இருந்திருக்கிறார்கள். 2008-இல் உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் ஒரு தொலைக்காட்சித் தேர்வுப் போட்டி வழியாகப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தார்கள். இருவரும் முதன்மை லீக்கை எட்டவில்லை. அவர்கள் கதை திரைப்படமானது. ஆனால், திரைப்படம் எடுக்கும் அளவுக்குப் புகழ் வந்தும், சம்பள ஏணியில் அவர்கள் கீழ்ப்படியில்தான் இருந்தார்கள்.

நம் ஊர்க் காற்பந்து

இனி வீட்டுக்கு வருவோம். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆடிய 1970-களில் இங்கே தொழில்முறை லீக் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு வேறு வேலை இருக்கும். காற்பந்து அதனோடு சேர்ந்து வரும். 1989-இல் அரைத் தொழில்முறை லீக், 1994-இல் முழுத் தொழில்முறை லீக் என்று காலம் மாறியது.

தொழில்முறை என்ற பெயர் வந்த அதே காலத்தில்தான் பெரிய அடியும் விழுந்தது. சூதாட்ட ஊழல் விசாரணையில் 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 58 ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் என 21 பேர் நீக்கப்பட்டார்கள். தவறுக்குச் சம்பளத்தைக் காரணம் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. ஆனாலும், சம்பளம் ஒழுங்காக வராத ஆட்டக்காரரைத் தேடி வருவது யார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

நம் நாட்டில் இளம் காற்பந்தாட்டக்காரருக்கு ஏலம் இல்லை. பேஸ்பால் மாதிரி ஆறு ஆண்டுப் பூட்டும் இல்லை. கிளப்பும் ஆட்டக்காரரும் நேராகப் பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். ஃபிஃபாவின் விதிப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. பெரியவர்களுக்கு ஐந்து ஆண்டு. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசலாம். எழுத்தில் பார்த்தால், நாம் பார்த்த மூன்று களங்களில் மிகச் சுதந்திரமானது இதுதான்.

அப்படியானால் சிக்கல் எங்கே? நாம் முதலில் வைத்த மூன்றாவது கேள்வியில். கேட்பவரிடம் பணம் இருக்கிறதா?

2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. சம்பள பாக்கி முக்கியக் காரணம். நம் இந்திய இளைஞர்கள் பலருக்கு வாய்ப்புக் கொடுத்த பெட்டாலிங் ஜெயா சிட்டி கிளப்பும் அதே சமயம் விலகிக்கொண்டது. 2025-இல் நம் பக்கத்து மாநிலமான கெடாவின் கிளப்புக்கு உரிமம் மறுக்கப்பட்டது. பேராக், ஸ்ரீ பகாங் இரண்டும் சூப்பர் லீக்கிலிருந்து விலகின. எல்லாம் பெயர் பெற்ற, வரலாறு உள்ள அணிகள். பினாங்கு ரசிகர்கள் இதைப் பார்த்து "நமக்கென்ன" என்று இருக்க முடியாது. 1998-லும் 2001-லும் லீக் வென்ற நம் மாநிலமும் அதே கடலில்தான் படகு ஓட்டுகிறது.

ஒவ்வொரு கிளப் மறையும்போதும் இரண்டு இழப்பு. அங்கே ஆடியவர்களின் வேலை போகிறது. அது வெளியே தெரிகிற இழப்பு. வெளியே தெரியாத இழப்பு ஒன்று உண்டு. மிச்சம் இருக்கும் கிளப்புகளில் ஆடும் இளைஞரைக் 'கேட்பவர்' ஒருவர் குறைகிறார். ஏலத்தில் பார்த்தோமே, இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் விலை ஏறாது என்று. 2014 முதல் 2025 வரை சூப்பர் லீக்கை ஆண்டுதோறும் வென்றது ஜொகூர் டாருல் தாக்சிம் ஒன்றுதான். பணபலம் ஓரிடத்தில் குவிந்து, மற்ற இடங்களில் கிளப்புகள் தள்ளாடினால், நல்ல இளைஞருக்குக்கூடப் பேரம் பேச இடம் இருக்காது. கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கையெழுத்துக்கு முன்

18 வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒப்பந்தம் வந்தால் பெற்றோர்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். "எல்லாம் வழக்கமான காகிதம்தான் ஐயா, போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அன்றே போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சில விஷயங்களை மட்டும் கட்டாயம் பாருங்கள்.

முதலில், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு? ஓர் உதாரணம் சொல்கிறேன். மாதம் 3,000 வெள்ளி என்று வாயால் சொல்லி, காகிதத்தில் 1,700 வெள்ளி சம்பளம், 1,300 வெள்ளி பயண அலவன்ஸ் என்று எழுதினால் என்ன ஆகும்? பயண அலவன்சுக்கு இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதிப் பணம் கட்டத் தேவையில்லை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. 1,300 வெள்ளிக்கு அது மாதம் 169 வெள்ளி. மூன்று ஆண்டில் 6,084 வெள்ளி. கையில் வரும் தொகை ஒன்றாகவே தெரியும், பிள்ளையின் எதிர்காலக் கணக்கில்தான் ஓட்டை விழும். சொக்சோ பதிவு செய்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது, ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை யாருடையது? "கிளப் விரும்பினால் மேலும் ஓர் ஆண்டு" என்று இருந்தால், அந்த மேலதிக ஆண்டின் சம்பளம் எவ்வளவு என்றும் எழுதியிருக்க வேண்டும். சாய் சுதர்சனின் 20 லட்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடினால் உயர்வு உண்டு என்றால், எத்தனை ஆட்டம் ஆடினால், எவ்வளவு உயர்வு என்று எண்ணில் இருக்கட்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது எண் ஆகாது.

மூன்றாவது, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆட முடியாத மாதங்களில் சம்பளம் உண்டா? காற்பந்தில் முழங்கால் காயம் ஒரு பருவத்தையே விழுங்கிவிடும்.

நான்காவது, சம்பளம் வராவிட்டால் என்ன வழி? ஃபிஃபா விதிகளில் 2018-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கிளப் இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காமல் இருந்தால், எழுத்து மூலம் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஆட்டக்காரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். உங்கள் பிள்ளையின் ஒப்பந்தத்தில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பயிற்சியாளரிடம் வாயால் கேட்டது கணக்கில் வராது. நம் நாட்டில் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் சங்கம் இருக்கிறது. பாக்கி சேர்ந்த பிறகு ஓடுவதைவிட, முதல் ஒப்பந்தத்தின்போதே உறுப்பினராகிவிடுவது நல்லது. அமெரிக்கப் பயிற்சி அணி இளைஞர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஐந்தாவது, முகவர் என்று ஒருவர் வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உறவுக்காரர், ஊர்க்காரர் என்ற பழக்கம் உரிமத்துக்கு ஈடாகாது.

கடைசியாக, எஸ்பிஎம். பயிற்சி நேரம் தேர்வைக் கெடுக்காதபடி கிளப் என்ன ஏற்பாடு செய்யும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். படிப்பைச் சிலர் 'தோற்றால் பிழைத்துக்கொள்ள' என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. படிப்பு இருந்தால் பேரத்திலும் பலம் கூடும். "இந்தச் சம்பளம் போதாது, நான் கல்லூரிக்குப் போகிறேன்" என்று எழுந்து வரக்கூடிய பையனிடம் கிளப் ஒரு மாதிரி பேசும். வேறு வழியே இல்லாத பையனிடம் வேறு மாதிரி பேசும். கல்லூரியும் அவனைக் 'கேட்கும்' இன்னோர் அணிதான்!

நேயர்களே, மூன்று களங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஐபிஎல் ஒரு நாள் கதவைத் திறந்து, பிறகு சில ஆண்டுகள் பூட்டிவிடுகிறது. பேஸ்பால் ஆறு ஆண்டு பூட்டிவைத்து, பிறகு விரியத் திறக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் எழுதிய பணம் ஆட்டக்காரர் கைக்கு வருவதற்கு வலுவான ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் கதவு திறந்தேதான் இருக்கிறது. உள்ளே பெட்டியில் பணம் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். நம் இளைஞர்களுக்கு முதலில் வேண்டியது கோடி இல்லை. மாதக் கடைசியில் எழுதிய சம்பளம் எழுதியபடி வர வேண்டும். கிளப் எவ்வளவு வருமானம் காட்டுகிறதோ அவ்வளவுக்குத்தான் சம்பளம் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை லீக் கண்டிப்போடு கவனிக்க வேண்டும். ரசிகர்களான நாமும் புதிய வெளிநாட்டு ஆட்டக்காரர் யார் என்று கேட்பதோடு நிற்காமல், உள்ளூர்ப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்றும் கேட்கப் பழக வேண்டும்.

உங்கள் பிள்ளை ஆடட்டும். நன்றாக ஆடட்டும். கோல் போடுவது அவன் வேலை, அவள் வேலை. காகிதத்தைப் படிப்பது நம் வேலை.